அலுவலகம் வீட்டுக்கு வந்துவிட்டால் கடைத்தெரு என்ன ஆகும்?

பெங்களூரு கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், சேலம் அழகாபுரத்தில் தன் வீட்டு மாடியில் லேப்டாப்பைத் திறக்கிறார். அன்று பெங்களூரில் அவருடைய அலுவலகத்தை ஒட்டிய கடைகளில் ஒரு டீ, ஒரு மதியச் சாப்பாடு, ஓர் ஆட்டோ சவாரி குறைகிறது. இதையே ஆயிரக்கணக்கானவர்கள் செய்யும்போது ஊரின் நடுப்பகுதியே ஆட்டம் காண்கிறது.

எப்படி என்று ஒரு மெஸ் கணக்கில் பார்ப்போம். எண்கள் பேச்சுக்குத்தான். தினம் 100 சாப்பாடு, ஒன்று 80 ரூபாய், வரவு 8,000. அரிசி, காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்துச் சாப்பாட்டுக்கு 40 வீதம் 4,000. வாடகையும் மாஸ்டர் சம்பளமும் 2,800. கையில் நிற்பது 1,200. இப்போது 30 பேர் வருவதில்லை. வரவு 5,600, சரக்குச் செலவு 2,800. வாடகையும் சம்பளமும் அதே 2,800. கையில் ஒன்றும் இல்லை! வாடிக்கையாளர் முப்பது சதவீதம்தான் குறைந்தார்கள், லாபமோ முழுதாகப் போய்விட்டது. மெஸ் மூடினால் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கும் ஆள் வரத்து குறையும். அடுத்தடுத்த ஷட்டர்களும் இறங்கும்.

அமெரிக்காவில் கொரோனாவுக்கு முன் வீட்டிலிருந்து வேலை என்பது மிகக் குறைவு. இப்போது மொத்த வேலை நாட்களில் ஏறக்குறைய கால் பங்கு அப்படித்தான். பெருநகரங்களின் மையத்தில் வாடகை சரிய, புறநகரில் ஏறியதை அர்ஜுன் ரமணி, நிக்கோலஸ் புளூம் என்ற ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். நடுவில் ஓட்டை விழுந்த இந்த வடிவத்துக்கு, வடை போல நடுவில் ஓட்டையுள்ள டோனட் என்ற இனிப்பை வைத்து, 'டோனட் விளைவு' என்று பெயர் வைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2024 வாக்கில் அலுவலக இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. அதை வீடுகளாக மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் அகலமான அலுவலகத் தளத்தில் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் வெளிச்சம். கழிவறைக் குழாய்களும் கட்டடத்தின் நடுவில்தான் இருக்கும். மாற்றுவதற்குச் செலவு அதிகம்.

சரி, சேலத்தில்? இங்கே வீட்டிலேயே வேலை என்பது புதிதே இல்லை. அம்மாப்பேட்டையில் வீட்டுக்குள் தறி ஓடியது. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வீட்டுப் பட்டறையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கிறார்கள். அதனால் கடைவீதி காலியாகவில்லை. நூலும் வெள்ளியும் வாங்க ஆள் வர வேண்டும், முடிந்த சரக்கும் கடைவீதிக்கு வந்தாக வேண்டும். லேப்டாப் வேலையில் முடிந்த சரக்கு கம்பி வழியாகப் போய்விடுகிறது. அதைக் கொண்டுபோக யாரும் பஸ் ஏறுவதில்லை. வேலை எங்கே நடக்கிறது என்பதைவிட, சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அதோடு நம் ஊர் மையம் அலுவலகங்களை நம்பி நிற்கவில்லை. லீ பஜாருக்கு மொத்தச் சரக்கு எடுக்க வருகிறவரும், கல்யாண ஜவுளிக்கு ஓமலூரிலிருந்து வருகிற குடும்பமும் வீட்டிலிருந்தபடி அந்த வேலையை முடிப்பது சுலபமில்லை. ஆன்லைன் வியாபாரம் அவர்களை இழுப்பது வேறு கதை.

பெங்களூரு இழந்தது அப்படியே சேலத்துக்கு வந்துவிடுகிறதா? இல்லை. மதியச் சாப்பாடு இங்கே எந்த மெஸ்ஸுக்கும் போவதில்லை, அம்மாவோ மனைவியோ சமைக்கிறார்கள். அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது எனக்கு வருத்தம். மாலையில்தான் கொஞ்சம் பணம் வெளியே வருகிறது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியைத் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து அழுத்தித் தரும் தள்ளுவண்டிக்கு அது போகிறது. பெங்களூரு விடுதி அறைக்குக் கொடுத்த வாடகை மிச்சமானால், அது பெரும்பாலும் வீட்டுக் கடனுக்கோ நகைக்கோ போகும்.

தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஊருக்கு வெளியே, ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கிறது. வீட்டில் இடம் போதாதவர்கள் கூடி வேலை செய்யும் இடங்களையாவது பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மாடிகளில் அமைக்க வேண்டும். கரண்டும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் போதும். மதியம் ஒரு மணிக்கு அவர்கள் கீழே இறங்கினால் மெஸ் அங்கேயே இருக்கிறது.