டிரையர் நின்றால் சிப்பைக் குறை சொல்லாதீர்கள்

போன வாரம் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ராத்திரி இரண்டு மணிக்கு டிரையர் கன்ட்ரோலர் தானாக ரீசெட் ஆகி, ஃபேன் நின்று, தட்டுகளில் இருந்த தேயிலை கருகிவிட்டது. இந்த வருடம் இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது போர்டு இது. டீமேக்கர் ஐயாவின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. புரோகிராம் எழுதிய தம்பியோ, "அண்ணே, வேகமான சிப் மாத்திட்டேன். முந்தி வாரத்துக்கு ரெண்டு தடவை நின்டுச்சு, இப்ப மாசத்துக்கு ஒரு தடவைதான்" என்கிறார்.

தம்பி, அது முன்னேற்றமில்லை. வாரம் இரண்டு முறை வரும் பிழையைப் பிடித்துவிடலாம். மாதம் ஒரு முறை, அதுவும் நடுராத்திரி வருவதை எப்படிப் பிடிப்பது?

ரியல்-டைம், அதாவது காலக்கெடுவுக்குள் முடிந்தே ஆகவேண்டிய வேலை, என்றால் வேகம் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. வேகம் இல்லை, நேரம் தவறாமை. சராசரியாக 30 மில்லி செகண்டில் முடிகிறது என்பது எனக்கு வேண்டாம். மிக மோசமான சமயத்தில் எவ்வளவு ஆகும், அதைச் சொல்லுங்கள். "மூன்று மாதம் ஓடிப் பார்த்தோம்" என்பதும் பதிலாகாது. அந்த மூன்று மாதத்தில் அந்த மோசமான சமயம் வரவில்லை, அவ்வளவுதான்.

பழைய சிப்பில் நான் அளந்த கணக்கு இது. வெப்பக் கட்டுப்பாடு 100 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, 20 எடுக்கும். திரை 200க்கு ஒரு முறை, 60 எடுக்கும். மெமரி கார்டில் பதிவு 400க்கு ஒரு முறை, 90 எடுக்கும். மொத்தச் சுமை 72.5 சதவீதம். அடிக்கடி வரும் வேலைக்கு அதிக முன்னுரிமை என்ற முறையில், மூன்று வேலைகளுக்கு 1973இல் லியூ, லேலண்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டிய வரம்பு சுமார் 78 சதவீதம். சுமை அதற்குள் இருந்தால் எந்த வேலையும் காலக்கெடு தவறாது. தம்பி இதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டார். ஆனால் ஒரு வேலை இன்னொன்றுக்காகக் காத்திருக்காது என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இங்கே வெப்பமும் பதிவும் ஒரே பூட்டைப் பகிர்கின்றன: பொதுத் தரவை ஒன்று பூட்டிப் பிடித்திருந்தால், அது விடும்வரை மற்றது நிற்கும்.

நம் ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒற்றைத் தண்டவாளம். ரொசல்லையிலிருந்து ஹட்டனுக்கு டேப்லட் (அந்தப் பாதையில் போக அனுமதி தரும் வில்லை) வாங்கிய சரக்கு வண்டி போய்ச் சேரும்வரை, பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் காத்திருக்கத்தான் வேண்டும். அது நியாயமான காத்திருப்பு. ஆனால் சரக்கு வண்டி டிரைவரை நடுவழியில் இறக்கி, டேப்லட்டே தேவைப்படாத வேறு வேலைக்கு அனுப்பினால்? எக்ஸ்பிரஸும் சேர்ந்து நிற்கும். இந்த போர்டில் நடந்தது அதேதான். பதிவு பூட்டை 45 மில்லி செகண்ட் பிடித்திருக்கிறது, நடுவில் திரை புகுந்து 60 எடுக்கிறது, அப்புறம் வெப்பத்தின் சொந்த 20. கூட்டினால் 125. காலக்கெடு 100. வேலை நேரத்துக்கு முடியாவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் சும்மா இருக்குமா?

1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலமும் இதே காரணத்தால்தான் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்தே முன்னுரிமை மரபுரிமையை இயக்கிச் சரிசெய்தார்கள். எக்ஸ்பிரஸ் காத்திருக்கும்வரை சரக்கு வண்டிக்கும் எக்ஸ்பிரஸின் முன்னுரிமை, அவ்வளவுதான் விஷயம். நம் கணக்கில் 125 என்பது 65 ஆகிவிடும்.

ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறு சிப்களில் வேலைகளை முறைப்படுத்தும் இயக்க மென்பொருள்) பாவிக்கிறவர்களே, அதில் பூட்டாகப் பாவிக்க பைனரி செமஃபோர், மியூடெக்ஸ் என்று இரண்டு உண்டு. பைனரி செமஃபோரில் இந்த முன்னுரிமை மரபுரிமை கிடையாது, மியூடெக்ஸில்தான் உண்டு. நான்கு போர்டிலும் செமஃபோர்தான் இருந்தது! அதோடு, பூட்டைப் பிடித்துக்கொண்டு கார்டில் எழுதாதீர்கள். கார்டு சில சமயம் உள்வேலையில் இறங்கி வழக்கத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும், சிப்பின் வேகம் அதைக் குறைக்காது. தரவைப் பிரதியெடுத்து, பூட்டை விட்டுவிட்டு, பிறகு எழுதுங்கள்.

வேலைகள் ஐந்தாறு, பூட்டுகள் இரண்டு மூன்று என்றானால் கைக்கணக்கை நம்பாதீர்கள். உப்பாலா போன்ற, எல்லா நிலைகளையும் தேடிப் பார்க்கும் மென்பொருளில் வேலைகளையும் அவற்றின் நேரங்களையும் மாதிரியாக வரைந்து, காலக்கெடு தவறும் நிலை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அங்கே போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும். நீங்கள் கொடுக்கும் நேரங்கள் பொய்யாக இருந்தால் பதிலும் பொய்தான். ஆகவே தயவுசெய்து முதலில் அளவெடுங்கள், அதுவும் பழைய கார்டைப் போட்டு.

அந்தத் தொழிற்சாலையில் செமஃபோரை மியூடெக்ஸாக மாற்றி, எழுதும் வேலையைப் பூட்டுக்கு வெளியே எடுத்தோம். பூட்டு பிடிபடுவது இப்போது இரண்டு மில்லி செகண்டுக்குள். பழைய சிப்பையே திரும்பப் போட்டேன்.