கீறல் விழுந்த கேம் டிஸ்க்கை உடனே தேய்க்காதீர்கள்

போன மே மாதம் ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகனும் கடைக்கு வந்தார்கள். பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும். பழைய கார்ப் பந்தய கேம் டிவிடி ஒன்றை நோட்டுக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தான். அவன் மாமா கொடுத்ததாம். "இன்ஸ்டால் பண்ணும்போது பாதியில நின்னுடுதுங்கண்ணா. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சும் பார்த்துட்டேன்" என்றான். திருப்பிப் பார்த்தேன். பழைய கீறல் ஒன்றே ஒன்றுதான், நடுத்துளைப் பக்கமிருந்து விளிம்பு வரை மெல்லியதாக ஓடியது. அதன் மேல் வட்ட வட்டமாக ஏகப்பட்ட கோடுகள். அத்தனையும் பேஸ்ட்டும் குளியல் துண்டும் போட்டவை.

சேலம் அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து இருபது வருடம் நெருங்குகிறது. வெறும் கீறலோடு வரும் டிஸ்க்கைப் பெரும்பாலும் எப்படியாவது படிக்க வைத்துவிடுவேன். வீட்டில் வைத்தியம் பார்த்துவிட்டுக் கொண்டுவருகிறார்களே, அதுதான் என்னைக் கையை விரிக்க வைக்கிறது. கீறல் விழுந்த டிஸ்க் மேசை டிராயரில் ஆறு மாதம் கிடந்தாலும் அந்தக் கீறல் வளரப்போவதில்லை. அதனால் எந்த அவசரமும் வேண்டாம். முதலில் டிஸ்க்கை நன்றாகப் பாருங்கள்.

எந்தப் பக்கம் கீறியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பளபளப்பான பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். சிடியைப் பொறுத்தவரை உயிர் இருப்பது மறுபக்கத்தில். சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். தகவல் பதிந்த உலோகப் படலம் படம் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, அதற்குக் காவல் மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும். டிஸ்க்கை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கீறிய இடத்தில் ஊசித் துளை மாதிரி வெளிச்சம் தெரிந்தால் படலமே பெயர்ந்துவிட்டது. எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. டிவிடி அப்படியல்ல. 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டிச் செய்தது, தகவல் நடுவில் இருக்கிறது. லேபிள் பக்கக் கீறலை அது ஓரளவு தாங்கும்.

பிளே ஸ்டேஷன் 3, 4, 5க்கு வரும் புளூ-ரே டிஸ்க்கில் படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் தகவல் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம். அதனால்தான் அதன் மேல் கடினமான பூச்சு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைத் தேய்த்தால் அந்தப் பூச்சுதான் முதலில் போகும். புளூ-ரேயில் பேஸ்ட் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கீறலின் திசை. தகவல் உள்ளிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. குறுக்கே வெட்டும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைக்கும். சிடியில் தடத்தின் போக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை பிழை விழுந்தாலும் டிரைவ் அதைத் திருத்திப் படித்துவிடும். வட்டமாகப் போகும் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடுவதால் அந்த இடத்தையே விழுங்கிவிடும். அந்தப் பையன் துண்டால் வட்டமாகத் தேய்த்தது இப்படித்தான் வினையானது.

சுத்தம் செய்ய நான் செய்வது இவ்வளவுதான். குழாய்த் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் தடவுவேன். கழுவிவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணியால் அதே திசையில் ஒற்றி எடுப்பேன். ஏற்காட்டு டிஸ்க்குகளில் பாதிக்கு இதுவே போதும். பனிக்காலத்து ஈரத்தில் படிந்த பூஞ்சைப் புள்ளிகளைக் கீறல் என்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் வெளுத்து வெடித்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர், தன் பஃபிங் மெஷினிலேயே மகனின் கேம் சிடியைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. மேசையில் வைத்தால் ஓரம் லேசாகத் தூக்கி நின்றது. வெள்ளி தாங்கும் சூட்டைப் பிளாஸ்டிக் தாங்காது. மகனுக்காக இவ்வளவு மெனக்கெட்டவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நடுத்துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்த டிஸ்க்கை டிரைவில் போடவே போடாதீர்கள். 52 மடங்கு வேக டிரைவ் சிடியை நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 முறை சுற்றுகிறது. விரிசல் விட்ட டிஸ்க் உள்ளேயே சிதறி டிரைவையும் உடைக்கும், துண்டு வெளியே தெறிக்கவும் கூடும். பெட்டியின் நடுப் பொத்தானை அழுத்தாமல் டிஸ்க்கை வளைத்து இழுப்பதால்தான் பெரும்பாலும் இந்த விரிசல் வருகிறது.

சில சமயம் டிஸ்க்கின் மேல் குற்றமே இருக்காது. 2000களில் வந்த பல கம்ப்யூட்டர் கேம்களில் காப்பி எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற மென்பொருள் பூட்டு உண்டு. 2015இல் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்புக் காரணத்துக்காக அதை ஏற்பதை நிறுத்திவிட்டது. டிஸ்க் புத்தம் புதிதாக இருந்தாலும் கேம் திறக்காது. இது தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தேய்த்தே கொன்றவர்கள் உண்டு. ஃபைல்கள் ஒழுங்காகக் காப்பி ஆகி, கேம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். பெட்டியில் இருக்கும் கீ நம்பரைத் தேடுங்கள். சில பழைய கேம்களின் கீயை ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் பதிந்தால் கேம் உங்கள் கணக்கில் ஏறிவிடும், அப்புறம் டிஸ்க்கே தேவையில்லை. அதனால் பெட்டியையும் மேனுவலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

டிஸ்க் நன்றாகப் படிக்கும்போதே ஐஎஸ்ஓ காப்பி, அதாவது முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக, எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு, அது கெட்டுவிட்டால் காப்பாற்றிக்கொள்வதற்காக ஒரு பிரதி எடுத்துவைக்க 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. அதை நண்பர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுக்கும் உரிமை அதில் கிடையாது.

ஏற்காட்டுப் பையனின் டிஸ்க்குக்கு வருவோம். பிளாஸ்டிக்குக்கான மெல்லிய பாலிஷை உள்ளிருந்து வெளியே நேராக, அழுத்தாமல், கால் மணி நேரம் தடவினேன். என் புது டிரைவ் படிக்கவில்லை. பழைய டிரைவ் ஒன்றை மாட்டி, வேகத்தைக் குறைத்து, படிக்காத இடத்தைத் திரும்பத் திரும்ப முயலும் மென்பொருளை ஓடவிட்டேன். ஒவ்வொரு டிரைவின் லென்ஸும் ஒரு மாதிரி, ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிக்கும். 61 சதவீதத்தில் முக்கால் மணி நேரம் நின்றது. அம்மா இரண்டு முறை பஸ் நேரம் கேட்டார். பையன் ஸ்டூலை விட்டு எழவில்லை. அப்புறம் 62 வந்தது. முழுக் காப்பியும் அவன் பென் டிரைவில் ஏறியபோது விளக்கு வைக்கும் நேரம். அந்த கேமில் பூட்டு எதுவும் இல்லாததால் மறுநாளே விளையாடிவிட்டான் என்று போனில் சொன்னார்கள். டிஸ்க்கை என்னிடமே விட்டுப் போயிருந்தான். பேஸ்ட் டப்பாவும் கையுமாக யாராவது வந்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.