மகப்பேறு நிதியுதவி வரவில்லையா? எந்தக் கணக்குக்குப் போனது என்று முதலில் பாருங்கள்

"பிள்ளை பிறந்து ஆறு மாசமாச்சு, முத்துலட்சுமி ரெட்டி பணம் வரல. நர்ஸம்மாதான் ஏதோ பண்ணிட்டாங்க." ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கிராம சுகாதார செவிலியரின் கை வழியாக ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. விவரங்களைப் பதிவேற்றுவதுதான் அவர் வேலை.

தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். ரொக்கம் 14,000, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 2024 ஏப்ரல் முதல் ரொக்கம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் 6,000, குழந்தைக்கு நான்கு மாதமானதும் 6,000, ஒன்பது மாதமானதும் 2,000.

"பேங்க்ல ஆதார் கொடுத்தாச்சே சார்!" இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கணக்கு தொடங்க ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசு மானியம் வந்து சேர ஆதாரை அந்தக் கணக்கோடு இணைப்பது வேறு. ஆதாரை வைத்து அனுப்பும் பணம், நீங்கள் கொடுத்த பாஸ்புக் ஜெராக்ஸைப் பார்க்காது. கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ, அங்கே போய் உட்காரும். பத்துக் கணக்கு இருந்தாலும் இணைப்பு ஒன்றுக்குத்தான். ஒரு பெண்ணின் பணம், கல்லூரி உதவித்தொகைக்காக என்றோ தொடங்கி மறந்துபோன கணக்கில் கிடந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வங்கி அதிலும் கொஞ்சம் பிடித்துவிட்டது. அவர் மாமியாரோ அதுவரை எங்கள் செவிலியரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

மைஆதார் தளத்தில் எந்த வங்கி என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்கு ஆதாரில் உங்கள் கைபேசி எண் இருக்க வேண்டும். வேறு வங்கியைக் காட்டினால் முதலில் அங்கே போய் வரவு பாருங்கள். அப்புறம், வேண்டிய வங்கியில் "மானியம் இந்தக் கணக்குக்கு வரணும், ஆதாரை இணைத்துக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி வராதீர்கள்.

கணவரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறவர்களே, தயவுசெய்து அந்த ஊர் செவிலியரிடம் பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்ணைக் காட்டுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றால் டிஸ்சார்ஜ் சீட்டையும், தடுப்பூசி போட்டால் அட்டையையும் கொண்டுவந்து காட்டுங்கள். பதிவில் ஏறாத பிரசவத்துக்குத் தவணை நகராது.

எல்லாம் உங்கள் தவறு என்று சொல்லவில்லை. நிதி வராமல் எல்லோருக்கும் சேர்ந்தே நிற்கிற காலமும் உண்டு. உங்களோடு பதிவு செய்த பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வந்ததா என்று கேளுங்கள், தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பார்த்தும் வரவில்லையா? வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 1100-க்குப் புகார், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு. "பணம் வரவில்லை" என்று ஒற்றை வரியில் எழுதினால் மனு சுற்றிச் சுற்றி எங்கள் மேசைக்கேதான் வரும். பிக்மி எண், பிரசவ தேதி, எந்தத் தவணை, ஆதார் இணைந்துள்ள வங்கி, நான்கையும் எழுதுங்கள். இதற்காக எந்த புரோக்கருக்கும் 500 ரூபாய் அழ வேண்டாம்.