ஊட்டியில் முழு சார்ஜ் போடாதீர்கள்: வேக மின்கார்களும் பெட்ரோல் வாதமும்

கோவையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் பணிமனை நடத்தி வருகிறேன். மின்கார் வாங்க எண்ணி ஆலோசனை கேட்க வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது பிக்கப்பைத்தான். பிக்கப்பில் பெட்ரோல் காரோடு இருந்த போட்டியை மின்கார் வென்று முடித்துவிட்டது என்பதே என் பதில். குரோஷியாவில் தயாராகும் ரிமாக் நெவேரா 2 நொடிக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. நம் ஊரில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வாங்கும் டாடா ஹாரியர் மின்காரே, இரட்டை மோட்டார் வகையில், 6.3 நொடியில் அதைச் செய்கிறது. இதில் வியக்க அதிகமில்லை; சாலை வாகனம் ஒன்றில் மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதலாகத் தாண்டிய கமீல் ஜெனாட்சி 1899இல் பாரிசுக்கு அருகே ஓட்டியதும் மின்காரைத்தான்.

பெட்ரோலுக்கு மாற்று எது என்ற வாதத்தை இந்த நொடிக்கணக்கு தீர்த்துவைப்பதில்லை. அதை எனக்கு உணர்த்தியது, ஏறத்தாழ 500 குதிரைத்திறன் கொண்ட மின்கார் ஒன்றைச் சென்ற ஆண்டு என்னிடம் கொண்டுவந்த ஒரு வாடிக்கையாளரின் அனுபவம். குடும்பத்துடன் ஊட்டிக்குச் சென்றவர், விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, காலையில் 100 விழுக்காட்டுடன் குன்னூர் வழியாக இறங்கியிருக்கிறார். வழக்கமாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் தானாகவே வேகம் குறையும் கார், அன்று குறையாமல் உருண்டுகொண்டே இருந்தது. வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தவருக்குப் பர்லியாறு அருகே கருகிய வாடை அடித்தது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போனது. நல்லவேளையாக ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். “ஏறும்போது ராஜா மாதிரி ஏறுச்சு சார், இறங்கும்போதுதான் காலை வாரிடுச்சு” என்றார்.

காரில் பழுது எதுவும் இல்லை. மின்காரில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஏற்கெனவே நிரம்பிய பேட்டரியால் அதை வாங்கிக்கொள்ள முடியாது என்பதால், பெரும்பாலான கார்களில் இந்த ரீஜென் வெகுவாகக் குறைந்துவிடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டரிலும் இருக்கின்றன. ஆட்களோடு சேர்த்து இரண்டரை டன் எடையுள்ள கார் இந்த இறக்கத்தில் விட்டுக்கொடுக்கும் ஆற்றல் சுமார் 13 யூனிட். உருளும் டயரும் எதிர்க்காற்றும் தின்றது போக, எட்டு ஒன்பது யூனிட்டையாவது யாரேனும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலை முழுவதும் எரித்தால் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். அன்று அந்த வெப்பத்தின் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளுக்குள் இறங்கியிருக்கிறது. பல மாதங்களாக ஈரம் உறிஞ்சியிருந்த பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் ஆனதில் வியப்பில்லை. பெட்ரோல் காருக்கு இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லி அறிவிப்புப் பலகை இருக்கிறது. கியரே இல்லாத காருக்கு நாம் இன்னும் எதையும் சொல்லித்தரவில்லை.

ஆகவே மலையில் தங்குபவர்கள் 80 முதல் 85 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றாமல் கிளம்புவதும், இறக்கத்தில் நியூட்ரலுக்கு மாற்றாதிருப்பதும் அவசியம். ரீஜென் இருப்பதால் பேடுகள் தேயாது என்று கருதி, பிரேக் ஆயிலைக் கெடு முடிந்தும் மாற்றாமல் விடுபவர்களையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆனால் இதே இறக்கத்தில்தான் பெட்ரோலுக்கு எதிரான உண்மையான வாதமும் இருக்கிறது. ஏறுவதற்குச் செலவழித்த ஆற்றலில் ஒரு துளியைக்கூடப் பெட்ரோல் இன்ஜின் திரும்ப வாங்குவதில்லை. மின்கார் ஒரு பங்கை மீட்டுக்கொள்கிறது. ஏற்றத்திலும் காற்று அடர்த்தி குறையக் குறைய இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. அமெரிக்காவில் 4,300 மீட்டர் உயரம் வரை ஏறும் பைக்ஸ் பீக் பந்தயத்தில், 2018இல் ஃபோக்ஸ்வாகனின் மின்கார் 8 நிமிடங்களுக்குள் உச்சியைத் தொட்டுச் சாதனை படைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்ரோலின் பக்கமும் வலுவான நியாயம் உண்டு. ஐம்பது லிட்டர் பெட்ரோலின் எடை நாற்பது கிலோவைத் தாண்டாது. அதற்குள் சுமார் 450 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. இன்ஜின் அதில் முக்கால் பங்கை வீணடித்தாலும் நூறு யூனிட்டுக்கு மேல் சக்கரத்துக்குக் கிடைக்கிறது. போர்ஷே டைகானின் 93 யூனிட் பேட்டரியோ 630 கிலோ. தீர்ந்தாலும் அதன் எடை குறைவதில்லை. 2014இல் தொடங்கிய ஃபார்முலா ஈ என்ற மின்கார் பந்தயத்தில், ஒரு பேட்டரி முழுப் பந்தயத்துக்கும் போதாததால், 2018 வரை ஓட்டுநர்கள் பந்தயத்தின் நடுவே காரையே மாற்றிக்கொண்டுதான் ஓடி முடித்தார்கள்.

இந்த எடைச் சிக்கலைச் சொல்லித்தான், தண்ணீரிலிருந்து பிரித்த ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்து உருவாக்கும் செயற்கைப் பெட்ரோலை முன்வைக்கிறார்கள். சிலி நாட்டின் தென்கோடியில் புந்தா அரீனாஸ் அருகே, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு அதைத் தயாரிக்கும் ஆலையைப் போர்ஷேயும் கூட்டாளிகளும் 2022 டிசம்பரில் இயக்கத் தொடங்கினர். பழைய கார்களைக் காப்பாற்றவும் பந்தயங்களுக்கும் அது பயன்படட்டும். அன்றாடச் சாலைக்கு அது கட்டுபடியாகாது என்பது என் கருத்து. காற்றாலை தரும் 100 யூனிட்டில், அந்த வழியாகச் சக்கரத்தை அடைவது ஏறத்தாழ 15. பேட்டரி வழியாகவோ 70 யூனிட் அளவுக்குச் சேர்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஆலைகள் சுழலும் உடுமலைப் பக்கத்தில் இருந்துகொண்டு, 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயையே நம்பியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

அந்த வாடிக்கையாளருக்கு முன்பக்கப் பேடுகளையும் பிரேக் ஆயிலையும் மாற்றிக் கொடுத்தேன். டிஸ்க்குகள் நீலம் பூத்திருந்தாலும் கோணவில்லை. அடுத்த முறை 80 விழுக்காட்டுடன் ஊட்டியிலிருந்து கிளம்பியவர், மேட்டுப்பாளையம் வந்ததும் மீட்டரைப் படமெடுத்து அனுப்பினார். அதில் 86 என்று இருந்தது.