ஐகான்: ஒரு சிவப்புக் கூண்டும் ‘உரு’ என்ற சொல்லும்

2006இல் பிபிசியின் கலை நிகழ்ச்சி ஒன்றும் லண்டனில் உள்ள வடிவமைப்பு அருங்காட்சியகமும் சேர்ந்து ஒரு வாக்கெடுப்பு நடத்தின. பிரிட்டனின் வடிவமைப்புகளில் மக்களுக்கு மிகவும் பிடித்தது எது என்பதே கேள்வி. கான்கார்ட் விமானம் முதலில் வந்தது. லண்டன் சுரங்க ரயிலின் வரைபடம் இரண்டாவது. ஸ்பிட்ஃபயர் போர்விமானம், மினி கார், ரூட்மாஸ்டர் மாடிப் பேருந்து, சிவப்புத் தொலைபேசிக் கூண்டு எல்லாமே போட்டியில் இருந்தன. மூன்று ஆண்டு கழித்து, 2009 ஜனவரியில், ராயல் மெயில் பிரிட்டனின் வடிவமைப்புச் சாதனைகள் என்று பத்து அஞ்சல்தலைகள் வெளியிட்டபோதும் இதே பொருள்கள் வந்து நின்றன. கூடவே ஆங்கிள்பாய்ஸ் மேசைவிளக்கு, பெங்குவின் புத்தகம், மினி ஸ்கர்ட் போன்றவையும் சேர்ந்துகொண்டன.

‘பிரிட்டனின் மிகப் பெரிய டிசைன் ஐகான் எது?’ என்ற அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் தலைப்பிலேயே கை நின்றுவிடுகிறது. டிசைனுக்கு வடிவமைப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. ஐகானுக்கு என்ன எழுதுவது? சின்னமா, குறியீடா, அடையாளமா? பத்திரிகைகளில் மூன்றும் மாறிமாறி வருகின்றன. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் பொருந்துகின்றன, எதுவும் முழுதாக ஒட்டவில்லை. சொல்லின் வேரைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும்.

ஐகான் கிரேக்கச் சொல். மூல வடிவம் ‘எய்கோன்’. ‘போலிருத்தல்’ என்று பொருள்படும் ஒரு வினைச்சொல்லோடு உறவுடையது. ஒன்றைப் போல இருப்பது, ஒன்றின் சாயலைத் தாங்கியிருப்பது எதுவோ அது எய்கோன். சிலையும் ஓவியமும் கண்ணாடியில் தெரியும் முகமும் இதில் அடங்கும். புகழ் என்ற பொருள் இந்த வேரில் துளியும் இல்லை. இன்று நாம் ஐகான் என்றதும் முதலில் நினைப்பது புகழைத்தான்.

கிழக்கத்தியக் கிறிஸ்தவத் திருச்சபை இந்தச் சொல்லுக்குக் கனம் ஏற்றியது. மரப்பலகையில் வரைந்த இயேசு, மரியாள், புனிதர்களின் ஓவியங்களை அங்கே ஐகான் என்றார்கள். அவற்றின் முன் விளக்கேற்றி வணங்கினார்கள். 8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள், அதாவது கிழக்கு ரோமப் பேரரசை ஆண்டவர்கள், இதை உருவ வழிபாடு என்று தடைசெய்தார்கள். படங்கள் உடைபட்டன, சுவரோவியங்கள் பூசி மறைக்கப்பட்டன. இடையில் ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகிய அந்தத் தடை 843இல்தான் முடிவுக்கு வந்தது. சீனாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கத்தரீனா மடம் அப்போது பேரரசின் ஆட்சிக்கு வெளியே இருந்தது. அதனால் அங்கிருந்த பழைய படங்கள் தப்பின. மெழுகுவண்ணத்தில் தீட்டிய 6ஆம் நூற்றாண்டு இயேசு ஓவியம் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது.

படங்களைக் காப்பாற்ற வாதாடியவர்களில் முக்கியமானவர் தமஸ்கு நகரத்து யோவான். படத்துக்குச் செய்யும் மரியாதை பலகையோடு நின்றுவிடுவதில்லை, அந்தச் சாயலுக்கு உரியவரைப் போய்ச் சேருகிறது என்பது அவர் தரப்பு. கோயிலில் திருமேனியின் முன் நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஐகான் என்ற சொல்லின் உயிர் இந்த வாதத்தில்தான் இருக்கிறது. பொருள் இங்கே, நம் கண்ணெதிரே நிற்கிறது. பார்க்கிறவர் மனம் மட்டும் அதைக் கடந்து வேறொன்றிடம் போய்விடுகிறது.

அப்புறம் அந்தச் சொல் கோயிலை விட்டு வெளியே வந்தது. அமெரிக்கத் தத்துவவாதி சார்ல்ஸ் பியர்ஸ் குறிகளை மூன்றாகப் பிரித்தார். புகை நெருப்பைக் காட்டுவதுபோல விளைவாக நின்று சுட்டுவது ஒரு வகை. சிவப்பு விளக்கு என்றால் நில் என்பதுபோல நாம் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இன்னொரு வகை. சாயலால் பொருளைக் காட்டுவது மூன்றாவது. அதற்குத்தான் ஐகான் என்று பெயர் வைத்தார். 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியின் திரையில் கோப்பு, உறை போன்ற சிறு படங்கள் இருந்தன. அவற்றுக்கும் ஐகான் என்றே பெயர். இங்கும் சாயல் என்ற பழைய பொருள் கெடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஒரு காலத்துக்கோ நாட்டுக்கோ முகமாகிவிட்ட மனிதர்களையும் பொருள்களையும் ஐகான் என்று சொல்வது பெருகியது. ‘டிசைன் ஐகான்’ என்பது இந்தக் கடைசிக் கிளை.

இனி தமிழ்ச் சொற்கள். சின்னம் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் கொடுப்பது. தேர்தல் சின்னத்தை ஆணையம் ஒதுக்குகிறது, அரசுச் சின்னத்தை அரசு அறிவிக்கிறது. சோழருக்குப் புலி இலச்சினை என்பதும் இப்படித் தெரிந்தெடுத்து வைத்ததே. ஐகானை யாரும் அறிவித்து உண்டாக்க முடியாது. குறியீடு பியர்ஸ் சொன்ன இரண்டாம் வகை, பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஐகானுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கும் சொல் அது. அதை ஐகானுக்கு இணையாக எழுதுவது தவறு என்றே சொல்வேன். படிமம் என்ற சொல்லுக்குப் பொருள் பொருத்தம் உண்டு. வடமொழிப் பிரதிமையின் உறவான அதற்கும் சாயல், உருவச்சிலை என்றுதான் பொருள். ஆனால் கவிதை விமர்சனம் அந்தச் சொல்லை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. ‘தொலைபேசிக் கூண்டு ஒரு படிமம்’ என்று எழுதினால் எந்தக் கவிதையில் என்றுதான் கேட்பார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் சுரூபம் பெரும்பாலும் சிலையைக் குறிப்பது.

மிச்சம் இருப்பது அடையாளம். இது நல்ல சொல். கண்டதும் இன்னது என்று தெரியவைப்பது அடையாளம். ஆனால் மச்சமும் அடையாளம், அட்டையும் அடையாளம். மனத்தைக் கடத்திக் கொண்டுபோகும் அந்த வலு அதில் இல்லை. அந்த வலு ‘உரு’ என்ற சொல்லில் இருக்கிறது.

உரு என்றால் வடிவம், எல்லாருக்கும் தெரியும். அது வடமொழி ரூபத்தின் உறவா என்ற வாதம் தனி. தொல்காப்பியம் உரியியலில் ‘உரு உட்கு ஆகும்’ என்று ஒரு நூற்பா உண்டு. உட்கு என்றால் அச்சம், கண்டவுடன் மனம் ஒடுங்கி நிற்பது. சங்கப் பாடல்களில் வரும் ‘உருகெழு’ என்ற அடையில் இந்தப் பொருளைப் பார்க்கலாம். மூன்றாவதாக, மந்திரத்தை ஒருமுறை சொல்வதும் ஓர் உரு. நூற்றெட்டு உரு செபித்தல் என்கிறோம். திரும்பத் திரும்பச் சொல்லிச் சக்தி ஏற்றுவது உருவேற்றுதல். பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதிப்பது உருப்போடுதல். ‘உருவேறத் திருவேறும்’ என்பது பழமொழி. வடிவம், பிரமிப்பு, திரும்பத் திரும்ப வந்து பதிதல் ஆகிய மூன்றும் ஒரே இரண்டெழுத்துச் சொல்லுக்குள் இருக்கின்றன. ஒரு பொருள் எப்படி ஐகான் ஆகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல்லை நான் எந்த மொழியிலும் கண்டதில்லை.

கணினித் தமிழில் ஐகானுக்குப் படவுரு என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. திருச்சபை ஓவியத்துக்குத் திருவுரு பொருந்தும். நாட்டின் முகமாக நிற்கும் பொருளுக்கு அடையாளவுரு என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. கிரேக்கத்தில் மூன்றுக்கும் வேர் ஒன்று, தமிழிலும் அப்படியே அமைகிறது.

சரி, இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிரிட்டன் வாதத்துக்குப் போனால், அங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடப்பது தெரிகிறது. எது சிறந்த வடிவமைப்பு என்பது ஒன்று. எது அடையாளவுரு என்பது வேறு.

சிறந்த வடிவமைப்பு எது என்றால் என் வாக்கு சுரங்க ரயில் வரைபடத்துக்கே. ஹாரி பெக் மின்சுற்றுப் படங்கள் வரையப் பழகிய வரைவாளர். தரைக்கு அடியில் போகிறவருக்கு மேலே தெரு எப்படி வளைகிறது என்பதில் அக்கறை இல்லை, எந்த நிலையத்துக்கு அடுத்து எந்த நிலையம், எங்கே மாற வேண்டும் என்பதே வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். கிடை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு என மூன்றே வகைக் கோடுகளில் நகரத்தை வரைந்தார். 1931இல் அவர் கொடுத்தபோது நிர்வாகம் ஏற்கவில்லை. 1933 ஜனவரியில் சட்டைப்பை அளவில் அச்சிட்டுக் கொடுத்தபோது மக்கள் உடனே எடுத்துக்கொண்டார்கள். நிலத்தின் சாயலாக அந்தப் படத்தில் மிச்சம் இருப்பது தேம்ஸ் ஆறு மட்டுமே. 2009இல் புதிய பதிப்பில் அந்த ஆற்றை நீக்கிவிட்டார்கள். பெரும் எதிர்ப்பு எழுந்தது, சில மாதங்களிலேயே ஆறு திரும்பி வந்தது. படத்தை உடைத்தபோது பைசாந்தியத்தில் எழுந்த வலி எவ்வளவோ பெரிது, ஆனாலும் இது அதே இனம்.

ஆனாலும் வரைபடத்தை நான் பிரிட்டனின் அடையாளவுரு என்று சொல்ல மாட்டேன். அதன் வெற்றியே காரணம். உலகின் பெருநகர ரயில்கள் பலவும் அந்த முறையை எடுத்துக்கொண்டன. சென்னை மெட்ரோவின் வரைபடத்தில் ஓடும் நேர்கோடுகளும் பெக் போட்ட பாதையில் வந்தவைதான். மிக நல்ல வடிவமைப்பு ஊரூராகப் பரவிப் பொதுச்சொத்தாகிவிடும். அப்போது அதன் முகவரி மறைந்துபோகும். ஆங்கிள்பாய்ஸ் விளக்குக்கும் இதே கதைதான். வண்டிகளின் அதிர்வு தாங்கும் அமைப்பை வடிவமைத்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற பொறியாளர் சுருள்வில்களை வைத்து 1932இல் உருவாக்கியது அது. இன்று அந்த மாதிரி விளக்கு இல்லாத ஊர் இல்லை, அதைப் பார்த்து யாரும் பிரிட்டனை நினைப்பதும் இல்லை.

கான்கார்டில் உட்கு நிறைய உண்டு. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். அன்றாடம் அதைக் கேட்டுப் பழகிய லண்டன்வாசிகளும் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் அதில் பாதி பிரான்சுக்குச் சொந்தம். மினி காரை 1959இல் தந்த அலெக் இசிகோனிஸ் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், கிரேக்க வழிவந்த தந்தைக்குப் பிறந்தவர். சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, 10 அடி நீளத்துக்குள் நான்கு பேரை வசதியாக உட்காரவைத்தார். ஐகான் என்ற சொல்லும் கிரேக்கம், இந்த ஐகானை வடித்தவரின் குடும்பமும் கிரேக்கம். எனக்கு இந்தப் பொருத்தம் மிகவும் பிடித்திருக்கிறது. லண்டனின் சிவப்பு மாடிப் பேருந்தைப் பொறுத்தவரை, ரூட்மாஸ்டருக்கு முந்திய ஆர்.டி. இனப் பேருந்துகள் பழையதாகி இலங்கைக்கு வந்து ஓடியிருக்கின்றன. கொழும்பில் அவற்றில் ஏறி இறங்கியவர்களுக்கு அது லண்டனின் பொருள் மட்டுமல்ல, தங்கள் ஊர்ப் பேருந்தும்தான்.

அடையாளவுரு என்ற பெயருக்கு எனக்குத் தெரிந்து முழுத் தகுதி உடையது அந்தச் சிவப்புக் கூண்டு. 1924இல் நடந்த போட்டியில் கட்டடக் கலைஞர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டின் வடிவம் வென்றது. லிவர்பூல் பேராலயத்தை வடிவமைத்தவர் அவர். இன்று டேட் மாடர்ன் கலைக்கூடமாக இருக்கும் மின்நிலையமும் அவருடையது. கூண்டின் தலையில் நான்கு பக்கமும் வளைந்து இறங்கும் கூரையைக் கவனியுங்கள். கட்டடக் கலைஞர் ஜான் சோன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் மனைவிக்காக லண்டனில் எழுப்பிய கல்லறையின் கூரை அதே சாயலில் இருக்கும். ஸ்காட் சோன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர்களில் ஒருவராக இருந்தவர். ஆக, இது பிறக்கும்போதே இன்னொன்றைப் போல இருந்தது.

ஸ்காட் வெள்ளி நிறம் பூசச் சொன்னார். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று அஞ்சல் துறை சிவப்பைத் தேர்ந்தெடுத்தது. கே2 என்ற அந்த முதல் வார்ப்பிரும்புக் கூண்டு பெரும்பாலும் லண்டனோடு நின்றது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவை ஒட்டி ஸ்காட்டே அதைச் சிறிதாக்கிக் கொடுத்த கே6 நாடெங்கும் போனது. 60,000 அளவில் நிறுவினார்கள். கடைத்தெரு, கடற்கரை, ஆடு மேயும் மலையோரம் எங்கும் அதே வடிவம், அதே நிறம். தந்தி போலச் சுருக்கமாகப் பேசிய அவசரங்களும் காசு தீரும்வரை நீண்ட காதல்களும் அதற்குள் நடந்தன. நாடு முழுவதும் ஆண்டுக்கணக்காக இப்படித்தான் அது உருவேறியது.

1980களில் தொலைபேசித் துறை தனியார் கைக்குப் போய், கூண்டுகளை எடுக்கத் தொடங்கியபோது ஊர்கள் எதிர்த்தன. ஆயிரக்கணக்கான கூண்டுகள் மரபுச் சொத்துகளாகப் பாதுகாப்புப் பெற்றன. பின்னர் ஒரு பவுண்டு கொடுத்து ஊர்மன்றமே கூண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு வந்தது. சில ஊர்களில் அது இப்போது சிறு நூலகம். சில ஊர்களில் நின்ற இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி அதற்குள் தொங்குகிறது. தொலைபேசி போய்விட்டது, கூண்டு நிற்கிறது. வேலை போன பிறகும் வடிவத்தை விட மனம் வராமல் காப்பதைத்தான் அடையாளவுரு என்கிறேன். அதன் படத்தை எங்கே ஒட்டினாலும், கீழே ஓர் எழுத்தும் இல்லாமல், எந்த நாடு என்று தெரிந்துவிடுகிறது.

பயன்பாட்டைப் பற்றி ஒரு சொல். ‘ஐகானிக்’ என்ற பெயரடைக்குத் தனிச்சொல் தேட வேண்டாம். ‘ஐகானிக் சிரிப்பு’ என்று இருந்தால் ‘எல்லாருக்கும் தெரிந்த சிரிப்பு’ என்று எழுதலாம். ‘ஐகானிக் கட்டடம்’ என்பது பல நேரம் பேர்பெற்ற கட்டடம்தான். மனிதர்களை அடையாளவுரு என்று சொன்னால் காதுக்கு இடறும். அங்கே ஆளுமை, முன்மாதிரி என்று இடத்துக்குத் தக்கபடி எழுதினால் போதும்.