டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்புங்க அண்ணாச்சி

இந்த வாரமும் எங்கள் சர்வீஸ் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, பணகுடிப் பக்கத்திலிருந்து. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் காணோம். கேட்டால், "அது பரண்ல கெடக்கு அண்ணாச்சி, திறந்து வச்சு டேபிள் ஃபேனைப் போட்டாத்தான் ஓடுது" என்கிறார். ஓடவில்லை என்றுதானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்!

இப்படி வருகிற சிஸ்டங்களின் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கொஞ்ச நேரம் ஓடும், பிறகு பட்டென்று அணைந்துவிடும். இல்லையென்றால் கேம் போட்டதும் ஆமையாகிவிடும். எங்களிடம் வருவதற்குள் யாராவது ஃபார்மட் போட்டிருப்பார்கள், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றியிருப்பார்கள். விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய், சூடு எவ்வளவு என்று காட்டுகிற ஹார்டுவேர் மானிட்டரைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைத்தான் யாரும் செய்வதில்லை. பணகுடிக்காரருடையது விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே 90 டிகிரியைத் தாண்டி நின்றது. மெஷினின் மூளையான ப்ராசஸருக்கு ஒரு சூட்டு எல்லை உண்டு: இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி, ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. அதைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் மெஷின் அணைந்துவிடும். இதற்கு ஃபார்மட் என்ன செய்யும்?

சரி, டேபிள் ஃபேனுக்கு வருகிறேன். திறந்து வைத்துக் காற்றடித்தால் முதல் சில நாள் சூடு குறையும், உண்மைதான். அதை வைத்துத்தான் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஃபேன் அடிப்பது அறைக் காற்றைத்தான். மே மாதப் பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது, மாடி அறையும் அதற்குக் குறையாமல் கொதிக்கும். எந்த ஃபேனாலும் ப்ராசஸரை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. அடுத்தது தூசி. ஆனி ஆடியில் ராதாபுரம், வள்ளியூர் பக்கம் காற்றாலைகளையே சுற்ற வைக்கிற மேலக்காற்று, ஜன்னலைச் சாத்தினாலும் செம்மண்ணை உள்ளே கொண்டுவந்து போடும். நீங்கள் ஃபேனை வைத்து அதை அள்ளி மதர்போர்டின் மேல் கொட்டுகிறீர்கள். பீடி சுற்றுகிற வீடுகளென்றால் புகையிலைத் தூளும் சேர்ந்துகொள்ளும், திறந்ததுமே எங்களுக்குத் தும்மல் வந்துவிடும்.

"ப்ராசஸர் மேல இருக்கிற கூலர் ஃபேன் நல்லாத்தானே சுத்துது?" என்பார்கள். சுற்றும். சுற்றுகிற ஃபேனுக்கும் கீழேயுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி விரித்ததுபோல் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். காற்று அந்தத் தகடுகளுக்குள் நுழையாதபோது ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சத்தம்தான் மிச்சம். போதாக்குறைக்குத் திறந்த கேபினட்டில் பல்லி குடியேறும். கருகிய பல்லியைச் சுரண்டி எடுப்பதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி, அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் கோபித்துக்கொள்கிறீர்கள்.

ஆகவே கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டை மாட்டுங்கள். கேபினட்டின் முன்பக்கம் காற்று இழுக்க ஒரு ஃபேன், பின்பக்கம் வெளியே தள்ள ஒன்று இருந்தால் சாதாரண வீட்டு மெஷினுக்குப் போதும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். கம்ப்யூட்டர் மேசையின் அடியறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். வீட்டில் ஆசையாகத் தைத்துப் போட்ட உறையை, மெஷின் ஓடும்போதாவது எடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்வதென்றால் முதலில் பவர் கார்டைப் பிடுங்குங்கள். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். கூலரைக் கழற்றினால், அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவில் சூட்டைக் கடத்துகிற பேஸ்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ப்ராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். டியூபை முழுசாகப் பிதுக்காதீர்கள். வீடியோ பார்த்துவிட்டு டூத்பேஸ்ட் தடவிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. இன்டெல் பெட்டியோடு வருகிற கூலரில் நான்கு பிளாஸ்டிக் பின் இருக்கும். ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கூலர் தூக்கிக்கொள்ளும், சூடு எகிறும். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ரைசன் வைத்திருப்பவர்கள் மெஷினைச் சற்று ஓடவிட்டு அணைத்து, சூடு ஆறுவதற்குள் கூலரை மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள பின்கள் வளைந்துவிடும்.

அதற்காக நாள் முழுக்க டிகிரியையே பார்த்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம். நம் ஊர்க் கோடையில் சும்மா இருக்கும்போது 50, நன்றாக வேலை வாங்கும்போது 80 என்றால் கவலையில்லை. பில் போடுகிற ஐ3 மெஷினுக்கு லிக்விட் கூலர் வாங்குவதெல்லாம் தண்டச் செலவு.

பங்குனிக்குள் ஒரு தடவை, மேலக்காற்று ஓய்ந்ததும் இன்னொரு தடவை சுத்தம் செய்யுங்கள். ராதாபுரம் பக்கத்து ஆட்களுக்கு நடுவில் ஆடியிலும் ஒன்று தேவைப்படும். கை வைக்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்துக் கடைக்குக் கொண்டு போங்கள், ஊதித் துடைத்துப் பேஸ்ட் மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகாது.