இரண்டு முட்டையும் மூவாயிரம் கோடி வித்தும்

ஆந்தை இனம் ஒன்று அடியோடு அழிகிறது, மரத்தில் முளைக்கும் காளான் மட்டும் எங்கும் பெருகுகிறதே, எப்படி என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

நியூசிலாந்தின் சிரிக்கும் ஆந்தையைப் பார்ப்போம். பாறை இடுக்கில் கூடு, பெரும்பாலும் இரண்டே முட்டை. மனிதர் வரும்வரை அங்கே வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே கிடையாது என்பதால் இரண்டே போதுமாயிருந்தது. 1880களில், பெருகிவிட்ட முயல்களை ஒழிக்க ஸ்டோட் என்ற சிறு வேட்டை விலங்கைக் கொண்டுவந்து விட்டார்கள். பறவையியலாளர்கள் எச்சரித்தும் பயனில்லை. 1914 ஜூலையில் கான்டர்பரி பகுதியில் செத்துக்கிடந்ததுதான் உறுதியான கடைசி ஆந்தை. ஆந்தை கத்தினால் ஆகாது என்று நம்மூரில் கல்லெறிவார்கள்; அங்கே அந்த மூடநம்பிக்கைகூடத் தேவைப்படவில்லை, அரசுத் திட்டமே போதுமாயிருந்தது.

சரி, காளானுக்கு வருவோம். கானோடெர்மா அப்ளனேட்டம், மரப்பட்டையிலிருந்து அரைவட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும், கட்டை போல இறுகிய காளான். நன்கு வளர்ந்த ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 3,000 கோடி வித்துகளை உதிர்க்கும், அதுவும் மாதக்கணக்கில். அவற்றில் மிகமிகச் சிலவே முளைக்கும். குஞ்சைக் காக்கும் வேலையே இல்லாததால் ஸ்டோட் வந்தாலும் கவலையில்லை.

எனக்குப் பிடித்தது அந்த வித்து வெளியேறும் விதம். காளானின் அடிப்பக்கம் முழுக்க நுண்ணிய குழாய்கள். அவற்றின் உட்சுவரில் வித்துகள் சிறு காம்புகளில் நிற்கும். வித்தின் அடியில் கசியும் சர்க்கரைப் பொருள் காற்றின் ஈரத்தை இழுக்க, அங்கே ஒரு துளி திரளும். வித்தின் பக்கவாட்டிலும் மெல்லிய நீர்ப்படலம் படியும். துளி பெருத்துப் படலத்தைத் தொட்டதும், பரப்பு இழுவிசை இரண்டையும் நொடிப்பொழுதில் ஒன்றாக்கிவிடும். நீர் சட்டென இடம் மாறும் அந்த உந்துதலில் வித்து காம்பை விட்டுத் தெறிக்கும். முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு! ஆனால் எடை அற்பம் என்பதால் காற்று உடனே தடுத்துவிடும். வித்து எதிர்ச்சுவரைத் தொடாமல் குழாயின் நடுவிலேயே நின்று, அப்புறம் நேராகக் கீழே விழும்.

குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் வித்து சுவரில் ஒட்டி வீணாகும். அதனால் காளான் புவியீர்ப்பை உணர்ந்தே வளர்கிறது. இதே பேரினக் காளான்கள்தான் தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குகின்றன. பூஞ்சை ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

காளான் முளைத்த மரம் சாய்ந்தால், பழைய பகுதி செங்குத்தாகிப் பயனற்றுப் போகும், புது வளர்ச்சி மட்டும் மறுபடி கிடைமட்டமாகத் திரும்பும். விழுந்து கிடக்கும் மரத்தில் காளான் திசை மாறியிருந்தால், மரம் சாயும் முன்பே அது முளைத்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.